மூன்றாவது துளை

புதிதாகக் கட்டிய வீடாயினும் சரி, பாட்டன் காலத்து வீடாயினும் சரி, அதில் சில மாதங்கள் குடியிருந்த பிறகு வீட்டாரிடமிருந்து ஒரு கோரிக்கை எழாமல் இராது. "இந்தச் சுவரில் இன்னும் ஒரு பிளக் இருந்தால் எவ்வளவு சௌகரியம்!" என்பதே அது. படிக்கும் பிள்ளைக்கு மேசை விளக்கும் மடிக்கணினியும் வைத்துக்கொள்ள ஓர் இணைப்பு வேண்டும். கூடத்தில் நான்கு கைப்பேசிகள் ஒரே துளைக்காகக் காத்துக் கிடக்கின்றன. சமையலறையில் மாவரைக்கும் கிரைண்டருக்கு இடம் இருக்கிறது, மின்சாரம்தான் எட்டவில்லை.

கேட்பதற்கு இது மிகச் சிறிய காரியம். சாக்கெட்டும் ஸ்விட்சும் கடையில் கிடைக்கின்றன. சுவரை வெட்டிக் கம்பியைப் பதித்து மூடுவது ஒரு நாள் வேலை. ஆயினும் இந்தச் சிறிய காரியத்துக்குள் நீங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் மின்னியல் பாடத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. அத்துடன், அந்தச் சுவருக்கு அருகில் நின்று நாள்தோறும் வேலை செய்யப்போகிறவரின் உயிரும் அதில் அடங்கியிருக்கிறது. இவ்விரண்டையும் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில், பழைய வீடுகளில் பிளக்குகள் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கின்றன என்பதைப் பார்ப்போம். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இலும், மேட்டூர் அணையின் மின் நிலையம் 1937-இலும் இயங்கத் தொடங்கின. அவற்றைத் தொடர்ந்து தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்கும் மின்சாரம் படிப்படியாகப் பரவியது. அக்காலத்தில் வீட்டுக்கு மின்சாரம் என்றால் விளக்கு என்றே பொருள். அறைக்கு ஒரு விளக்கு, வசதி படைத்தோர் வீட்டில் ஒரு விசிறி, கூடத்தில் வானொலிப் பெட்டிக்கு ஒரு பிளக், இவ்வளவே தேவை. அந்தத் தேவைக்கு ஏற்ற மெல்லிய கம்பிகளைச் சுவரின்மேல் மரச்சட்டம் அடித்து ஓட்டினார்கள். மின்சாரத்துக்கு வேலைகள் ஒவ்வொன்றாகப் பெருகியது பிற்காலத்தில். வீட்டில் சாதனங்கள் பெருகிய வேகத்தில் சுவரிலுள்ள கம்பிகள் மாறவில்லை. புதிய பிளக் வேண்டும் என்ற கோரிக்கை பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

பேச்சு தெளிவாக இருக்கும்பொருட்டு ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். அது நாற்பது, ஐம்பது ஆண்டு வயதான ஓட்டு வீடு. சமையலறையில் ஒரு விளக்கு மட்டும் உண்டு. கிரைண்டருக்கு மின்சாரம் கூடத்திலிருந்து ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாக வாசற்படியைத் தாண்டி வருகிறது. வருவோர் போவோர் காலில் கம்பி தடுக்குகிறது. ஆகவே சமையலறைச் சுவரிலேயே ஒரு பிளக் வைத்துவிடலாம் என்று வீட்டார் தீர்மானிக்கிறார்கள். நல்ல தீர்மானமே. ஆனால் உளியைச் சுவரில் வைப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை கண்டாக வேண்டும். வரும் மின்சாரத்தைத் தாங்கக் கம்பிக்கு வலிமை உண்டா? அளவு மீறினால் அதைத் தடுத்து நிறுத்த ஒரு காவல் உண்டா? வழி தவறிய மின்சாரம் தீங்கின்றித் தரைக்குச் செல்ல ஒரு பாதை உண்டா?

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். ஒரு சாதனத்தின் மேல் எழுதியிருக்கும் வாட் எண்ணை 230 ஆல் வகுத்தால், அது ஏறத்தாழ எத்தனை ஆம்பியர் மின்சாரம் வாங்கும் என்பது தெரிந்துவிடும். 9 வாட் எல்.இ.டி. விளக்கு 0.04 ஆம்பியர் வாங்குகிறது. 150 வாட் கிரைண்டர் முக்கால் ஆம்பியருக்கும் குறைவாகவே வாங்குகிறது. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு 4.3 ஆம்பியர் வேண்டும். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்புக்கு 8.7 ஆம்பியர் வேண்டும். குளியலறையில் உடனுக்குடன் வெந்நீர் தரும் 3,000 வாட் கருவிக்கு 13 ஆம்பியர் வேண்டும். வெளிச்சம் தரும் சாதனங்களுக்குத் தேவை குறைவு என்பதையும், சூடு தரும் சாதனங்களுக்குத் தேவை மிகுதி என்பதையும் இதிலிருந்து அறியலாம்.

கம்பிக்குள் மின்சாரம் ஓடும்போது கம்பியும் சூடாகிறது. எவ்வளவு சூடாகும் என்பதை வகுத்துக் கூறியவர் ஆங்கில நாட்டு அறிஞர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். பீர் வடிக்கும் தொழில் நடத்திய குடும்பத்தில் பிறந்த அவர், தம் ஆராய்ச்சியின் முடிவை 1841-இல் வெளியிட்டார். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது என்பதே அது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் இரு மடங்காவதோடு நிற்பதில்லை, நான்கு மடங்காகிறது. மின்னோட்டம் மூன்று மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்காகிறது. விளக்குக்காகப் போட்ட கம்பியில் வெந்நீர்க் கருவியை மாட்டினால் என்ன நேரும் என்பதை இந்த ஒரு விதியே சொல்லிவிடும். கம்பியைச் சுற்றியுள்ள உறை நாளடைவில் வறண்டு வெடிக்கும், பிறகு உதிரும்.

இந்த விதி இன்னோர் இடத்திலும் நம்மை எச்சரிக்கிறது. சாக்கெட்டின் பின்புறம் ஒரு திருகு சரியாக இறுகவில்லை என்று கொள்வோம். அந்த இடத்தில் 0.1 ஓம் மின்தடை உண்டாகிறது. மிகச் சிறிய அளவுதான். எல்.இ.டி. விளக்கு எரியும்போது அந்தத் திருகில் உண்டாகும் வெப்பம் ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே இடத்தின் வழியாக 13 ஆம்பியர் ஓடினால், 13-ஐ 13 ஆல் பெருக்கி 0.1 ஆல் பெருக்க, 17 வாட் வருகிறது. வானொலிப் பெட்டி பழுதுபார்ப்பவர் ஈயத்தை உருக்கப் பயன்படுத்தும் சிறிய சூட்டுக்கோலின் ஆற்றல் 25 வாட். ஏறக்குறைய அத்தகைய ஒரு கோல் சாக்கெட்டுக்குள்ளே, யாரும் காணாத இடத்தில், தினமும் அரைமணி நேரம் காய்ந்துகொண்டிருக்கிறது! சாக்கெட்டின் முகம் பழுப்பேறினாலும், பிளக்கைப் பிடுங்கும்போது அதன் கால்கள் சுட்டாலும், கருகல் வாடை வந்தாலும், அதற்குக் காரணம் பெரும்பாலும் இத்தகைய தளர்ந்த இணைப்பே.

"நாங்கள் வைக்கப்போவது கிரைண்டர்தானே? அதற்கு ஓர் ஆம்பியர்கூட வேண்டாமே, சமையலறை விளக்குக்குப் போகும் கம்பியிலிருந்தே இழுத்துக்கொள்ளலாமே" என்று வீட்டார் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் சுவரில் ஒரு துளை அமைந்துவிட்டால், அங்கே யார் வந்து எதைச் செருகுவார்கள் என்பது அதை அமைத்தவர் கையில் இல்லை. இன்று கிரைண்டர்; தீபாவளிக்கு வரும் விருந்தினர் கையில் 1,500 வாட் மின் கெண்டி; மறு ஆண்டு இண்டக்‌ஷன் அடுப்பு. ஆகவே கம்பியைத் தேர்ந்தெடுக்கும்போது இன்றைய சாதனத்தின் அளவைப் பார்ப்பதைவிடத் துளையின் அளவைப் பார்ப்பதே முறை.

நம் நாட்டில் வீட்டுத் துளைகள் இரண்டு அளவில் உள்ளன. சிறியது 6 ஆம்பியருக்கு உரியது. பெரியது 16 ஆம்பியருக்கு உரியது. பெரிய பிளக்கின் கால்கள் சிறிய துளைக்குள் நுழையாதபடி அமைத்திருப்பது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. "இந்தக் கம்பி உன்னைத் தாங்காது" என்று சுவர் அந்தச் சாதனத்துக்குச் சொல்கிறது. பெரிய பிளக்கைச் சிறிய துளையில் மாட்ட உதவும் மாற்றுப் பிளக்கைக் கடையில் வாங்கி வைப்பவர், சுவரின் வாயைப் பொத்திவிடுகிறார் என்றே சொல்ல வேண்டும். விளக்கு, விசிறி, சிறிய பிளக் ஆகியவற்றுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பியும், பெரிய பிளக்குக்கு 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் கம்பியும் போடுவது வழக்கம். விளக்குகளும் சிறிய பிளக்குகளும் சேர்ந்த ஒரு கிளைச்சுற்றில் பத்துக்கு மேற்பட்ட இணைப்புகளைச் சேர்ப்பதில்லை. பெரிய பிளக்குக்கு மெயின் போர்டிலிருந்தே தனிக் கம்பி வர வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. அளவு மீறினால் தடுக்கும் காவல் எது? பழைய வீடுகளில் அது பியூஸ் கம்பி. புதிய வீடுகளில் எம்.சி.பி. என்னும் தானே விழும் ஸ்விட்ச். கம்பி தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் பியூஸ் உருகும், எம்.சி.பி. விழும். ஆகவே காவலின் அளவு அந்தக் கிளையிலுள்ள மிக மெல்லிய கம்பியின் வலிமைக்கு மேற்படக் கூடாது. புதிய பிளக் வைத்த பின் அடிக்கடி பியூஸ் போகிறது என்றால், கம்பி தாங்கவில்லை என்று அது முறையிடுகிறது. அப்போது பலர் செய்வது என்ன? பியூஸில் இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிப் போட்டுவிடுகிறார்கள். அல்லது பெரிய எம்.சி.பி. வாங்கி மாட்டுகிறார்கள். அதன் பிறகு பியூஸ் போவதில்லை. கூச்சலிட்ட காவற்காரனை வாயடைத்த பின் வீடு அமைதியாக இருப்பதில் வியப்பு ஒன்றுமில்லை. இனி உருகப்போவது சுவருக்குள் இருக்கும் கம்பி.

இந்த இடத்தில் பரவலாக நிலவும் ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். "ஷாக் அடித்தால் பியூஸ் போய்விடும், ஆகையால் பயமில்லை" என்று சிலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈரக் கையும் ஈரக் காலுமாக நிற்பவரின் உடலுக்கு ஏறத்தாழ 1,000 ஓம் மின்தடை என்று கொள்ளலாம். ஓம் விதிப்படி 230-ஐ 1,000 ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். 6 ஆம்பியர் பியூஸுக்கு இது ஒரு கொசுக்கடிகூட இல்லை. இதைப்போல் இருபத்தாறு மடங்கு வந்தால்தான் அது தன் எல்லையையே எட்டும். மனித உடலுக்கோ 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே தசைகள் இறுகிப் பிடித்ததை விட முடியாத நிலை வரலாம். அதைப்போல் சில மடங்கு மார்பின் வழியே ஓடினால் இதயத்தின் துடிப்பு ஒழுங்கு குலையக்கூடும். பியூஸ் காப்பது கம்பியை. மனிதரைக் காப்பதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். அதுதான் நம் மூன்றாவது கேள்வி.

சாக்கெட்டின் முகத்தை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். கீழே இரண்டு துளைகள். மேலே சற்றுப் பெரிய ஒரு துளை. எதிரே நின்று பார்த்தால் வலப்பக்கத் துளையில் பேஸ் கம்பியும், இடப்பக்கத் துளையில் நியூட்ரல் கம்பியும் இணைந்திருக்க வேண்டும். மின்சாரம் ஒன்றின் வழியே வந்து, சாதனத்தில் வேலை செய்து, மற்றொன்றின் வழியே திரும்புகிறது. சாதனம் இயங்க இவ்விரண்டே போதும். அப்படியானால் மேலே இருக்கும் மூன்றாவது துளை எதற்கு?

கிரைண்டரைப் பாருங்கள். உள்ளே மோட்டார்; வெளியே உலோகப் பாகங்கள்; மேலே கல்லும் மாவும் தண்ணீரும். ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளே இருக்கும் கம்பியின் உறை தேய்கிறது. அல்லது வழிந்த நீர் உள்ளே இறங்குகிறது. பேஸ் கம்பி ஒருநாள் வெளிக்கூட்டைத் தொட்டுவிடுகிறது. வெளியே எந்த மாறுதலும் தெரிவதில்லை. மோட்டார் முன்போலவே சுழல்கிறது. ஆனால் வெளிக்கூடு முழுவதும் இப்போது 230 வோல்ட் நிற்கிறது. கழுவிவிட்ட தரையில் வெறுங்காலோடு நின்று ஒருவர் மாவைத் தள்ளிவிடக் கை நீட்டுகிறார்.

மின்சாரம் ஏன் அவர் உடல் வழியாகத் தரைக்குப் போக வேண்டும்? தெருமுனையிலுள்ள டிரான்ஸ்பார்மரில் நியூட்ரல் கம்பி பூமியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பூமியும் மின்சாரம் திரும்பிச் செல்லும் ஒரு வழியாகிறது. பேஸைத் தொட்டுக்கொண்டு தரையில் நிற்பவர் அந்தச் சுற்றைத் தம் உடலால் பூர்த்தி செய்துவிடுகிறார்.

மூன்றாவது துளையிலிருந்து செல்லும் எர்த் கம்பி இதற்காகவே ஏற்பட்டது. அதன் ஒரு முனை சாதனத்தின் வெளிக்கூட்டோடு சேர்கிறது. மறுமுனை வீட்டுக்கு வெளியே மண்ணுக்குள் போகிறது. அங்கே 2.5 மீட்டர் நீளமுள்ள ஜி.ஐ. குழாயைக் குழியில் நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு மூடுவது நெடுநாளைய வழக்கம். கோடையில் அக்குழியில் நீர் ஊற்றச் சொல்வதும் மண்ணின் மின்தடையைக் குறைப்பதற்காகவே. பேஸ் கம்பி வெளிக்கூட்டைத் தொட்ட கணமே, மனிதர் தொடும்வரை காத்திராமல், மின்சாரம் இந்தப் பாதையில் பாய்கிறது. பாய்ச்சல் பெரிதாக இருந்தால் பியூஸ் உருகி இணைப்பு அறுபடுகிறது. பிளக்கிலும் எர்த் கால் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். செருகும்போது அது முதலில் சேர வேண்டும். பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும் என்பதே காரணம். பாதுகாப்பு முன்னே வந்து, பின்னே போகிறது.

ஆனால் மண் எப்போதும் நல்ல பாதையாக இருப்பதில்லை. வறண்ட நிலத்தில் எர்த் குழியின் மின்தடை 50 ஓம் என்று வைத்துக்கொண்டால், அதன் வழியே 4.6 ஆம்பியர்தான் ஓடும். 6 ஆம்பியர் பியூஸ் அதற்கு அசையாது. இந்தக் குறையை நீக்க வந்ததே ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. இதை ஈ.எல்.சி.பி. என்றும் மக்கள் சொல்கிறார்கள். அதன் தத்துவம் மிக எளிது. பேஸ், நியூட்ரல் ஆகிய இரு கம்பிகளும் ஓர் இரும்பு வளையத்தின் நடுவே செல்கின்றன. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமானால் அவற்றின் காந்த விளைவுகள் ஒன்றையொன்று அழித்துவிடும். கொஞ்சம் மின்சாரம் வேறு வழியில் கசிந்தால் கணக்கு சரியாக வராது, வளையத்தில் எஞ்சிய காந்த விளைவு ஒரு சிறு சுருளில் மின்சாரத்தைத் தூண்டும், ஸ்விட்ச் விழும். 1831-இல் மைக்கேல் பாரடே கண்ட மின்தூண்டல் விதி நம் வீட்டு மெயின் போர்டில் இப்படிக் காவல் இருக்கிறது. வீடுகளில் வைக்கும் கருவி, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் ஒரு நொடியின் சிறு பகுதியில் இணைப்பை அறுத்துவிடும்.

"அப்படியானால் ஆர்.சி.சி.பி. ஒன்று போதாதா? எர்த் எதற்கு?" என்று கேட்கலாம். எர்த் இருந்தால் கசிவு தோன்றிய உடனே, யாரும் தொடுவதற்கு முன்பே, இணைப்பு அறுபடும். எர்த் இல்லாவிட்டால் ஒருவர் தொட்டு, அவர் உடல் வழியே மின்சாரம் ஓடத் தொடங்கிய பின்புதான் அறுபடும். இன்னொன்று: ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொடுபவரை இக்கருவி காப்பாற்றாது, அதற்கு அவரும் ஒரு விளக்கும் ஒன்றே.

இனி நம் ஓட்டு வீட்டுக்குத் திரும்புவோம். அங்கே கூடத்திலிருக்கும் பழைய பிளக்கில் இரண்டே துளைகள். எர்த் கம்பி அந்த வீட்டுச் சுவரிலேயே இல்லை. இப்போது வாங்கி வந்திருக்கும் புதிய சாக்கெட்டில் மூன்று துளைகள். இரண்டு கம்பியை இரண்டு துளைக்கு இணைத்து மூன்றாவதைச் சும்மா விட்டுவிட்டால் என்ன? கிரைண்டர் சுழலும். பிளக் அழகாகப் பொருந்தும். மூன்று துளை இருப்பதால் பாதுகாப்பு இருக்கிறது என்று எல்லாரும் நம்புவார்கள். ஆபத்து முழுவதும் இந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. விளக்குக் கம்பி அறுந்தால் இருட்டாகும், உடனே சரிசெய்வோம். எர்த் கம்பி அறுந்தால் எதுவும் நிற்பதில்லை. ஆகையால் யாரும் தேடுவதில்லை.

சும்மா விடுவதைவிடக் கெட்ட வழிகளும் உண்டு. எர்த் துளையையும் நியூட்ரல் துளையையும் சாக்கெட்டுக்குள்ளேயே ஒரு சிறு கம்பியால் இணைத்துவிடுவது ஒன்று. சோதனை விளக்கு வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். ஆனால் வீட்டின் நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுந்தால், எரிந்துகொண்டிருந்த விளக்கின் வழியே வந்த மின்சாரம் திரும்ப வழியின்றி நிற்கும். நியூட்ரல் அப்போது பேஸைப் போலவே ஆபத்தாகிவிடும். அதோடு இணைந்த கிரைண்டரின் வெளிக்கூட்டுக்கும் அந்த மின்னழுத்தம் வந்துவிடும். பழுதே இல்லாத கிரைண்டர்கூட ஷாக் அடிக்கும். தண்ணீர்க் குழாயில் எர்த் கம்பியைச் சுற்றுவது மற்றொன்று. இரும்புக் குழாயின் நடுவே ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய் சேர்ந்திருந்தால் பாதை அங்கேயே அற்றுவிடும். பழுது நேர்ந்த நாளில் வீட்டிலுள்ள குழாய்களைத் தொடுகிறவர்களுக்கெல்லாம் ஷாக் அடிக்கலாம். ஆகவே அந்த வீட்டில் முதலில் செய்ய வேண்டிய வேலை சமையலறைச் சுவரில் இல்லை, கொல்லைப்புறத்தில் இருக்கிறது. எர்த் குழி வெட்டி, மெயின் போர்டுக்குக் கம்பி கொண்டுவந்து, ஆர்.சி.சி.பி. பொருத்திய பிறகே புதிய பிளக்குக்கு உளி எடுக்கலாம்.

அந்த உளியை யார் எடுப்பது? சட்டம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. பல்பு, விசிறி, பியூஸ், ஸ்விட்ச் போன்றவற்றை, அமைப்பின் திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றிக்கொள்ள விதி விலக்களிக்கிறது. புதிய இணைப்பு சேர்ப்பது அந்த விலக்கில் அடங்காது. அதை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர், தகுதிச் சான்றிதழ் பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் இருந்த இந்த ஏற்பாடு, 2010-இலும் 2023-இலும் மத்திய மின்சார ஆணையம் வெளியிட்ட ஒழுங்குமுறைகளிலும் தொடர்கிறது. தமிழ்நாட்டில் இதற்கென உரிமம் வழங்கும் வாரியம் ஒன்று உண்டு. சான்றிதழைக் காட்டும்படி கேட்பது அவமரியாதை ஆகாது. நல்ல வயர்மேன் அதை மகிழ்ச்சியோடு காட்டுவார்.

அவர் வேலை செய்வதை அருகிலிருந்து பார்ப்பது ஒரு நல்ல படிப்பு. முதலில் அவர் மெயினை நிறுத்துவார். பிறகு டெஸ்டரால் சோதிப்பார். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை முன்னதாகவே மின்சாரம் உள்ள ஓரிடத்தில் வைத்துப் பார்த்திருப்பார். எரியாத டெஸ்டரை நம்புவதற்கு முன், அது எரியக்கூடிய டெஸ்டர்தானா என்று தெரிய வேண்டும் அல்லவா? தண்ணீர்த் தொட்டிக்கும் குழாய்க்கும் விலகிய இடத்தைத் தேர்ந்தெடுப்பார். சுவரில் காடி வெட்டும்போது நேர் மேலாகவோ நேர் பக்கவாட்டாகவோ வெட்டுவார். கம்பி மிச்சமாகும் என்பதற்காகக் குறுக்கே சாய்வாக வெட்ட மாட்டார். பத்து ஆண்டுகளுக்குப் பின் படம் மாட்ட ஆணி அடிக்க வருபவர், பிளக்குக்கு நேர் மேலேயும் நேர் பக்கத்திலும் கம்பி இருக்கக்கூடும் என்று ஊகித்து விலகிக்கொள்வார்; சாய்வான கம்பியை யாராலும் ஊகிக்க முடியாது. காடியில் பி.வி.சி. குழாய் பதித்து, அதற்குள் சிவப்பு, கறுப்பு, பச்சை என மூன்று கம்பிகளை இழுப்பார். நடுவழியில் ஒட்டுப் போட மாட்டார். ஸ்விட்சைச் சிவப்பாகிய பேஸ் கம்பியில்தான் வைப்பார். கறுப்பில் வைத்தால் ஸ்விட்சை நிறுத்திய பிறகும் சாதனத்துக்குள் மின்னழுத்தம் நிற்கும். முடிவில் மெக்கர் என்னும் கருவியால் 500 வோல்ட் கொடுத்துக் கம்பி உறையின் மின்தடை 1 மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். எர்த் உண்மையாகவே மண்ணை எட்டுகிறதா என்று அளப்பார். அதன் பின்பே கிரைண்டரை மாட்டச் சொல்வார்.

மாணவர்களே, ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் நீங்கள் செய்யக்கூடியவை பல உண்டு. இன்று மாலை உங்கள் வீட்டை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். இரண்டு துளைப் பிளக்கில் உலோக உடல் கொண்ட சாதனம் ஏதேனும் இயங்குகிறதா? எர்த் கால் ஒடிந்த பிளக்கை அப்படியே உபயோகிக்கிறார்களா? ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இஸ்திரிப் பெட்டியும் மின் கெண்டியும் சேர்ந்திருக்கின்றனவா? மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? இருந்தால் அதில் 'டி' என்ற எழுத்துள்ள சோதனைப் பொத்தான் இருக்கும். வீட்டாரிடம் சொல்லிவிட்டு அதை அழுத்துங்கள். உடனே ஸ்விட்ச் விழ வேண்டும். விழாவிட்டால் அக்காவல் உறங்குகிறது என்று பொருள். அதை மாற்றச் சொல்லுங்கள். யாருக்கேனும் ஷாக் அடித்துவிட்டால் அவரைத் தொட்டு இழுக்க ஓடாதீர்கள். மெயினை நிறுத்த ஓடுங்கள். மெயின் எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் இன்றே அறிந்துவைத்திருக்க வேண்டும்.

மின்னோட்டம், மின்தடை, வெப்பம், தூண்டல் ஆகிய சொற்களைத் தேர்வுக்காகப் படித்துவிட்டுப் புத்தகத்தோடு மூடி வைப்பது எளிது. அந்தச் சொற்களெல்லாம் சமையலறைச் சுவரில் ஒரு சாண் அகலப் பெட்டிக்குள் கூடியிருக்கின்றன. அந்தச் சுவரருகே ஈரத் தரையில் நின்று மாவரைப்பவருக்கு ஓம் விதி தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. அது தெரிந்த நீங்கள் அவ்வீட்டில் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் புதிய பிளக் வைக்க வயர்மேன் வரும் நாளில், துளை எந்த உயரத்தில் இருக்க வேண்டும், சாக்கெட் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். "மூன்றாவது துளையின் கம்பி எங்கே போய் முடிகிறது?" என்று நீங்கள் கேளுங்கள். அவர் அழைத்துப்போய்க் கொல்லையில் உள்ள எர்த் குழியைக் காட்டும் வரை அந்தக் கேள்வியை விடாதீர்கள்.